60 மைக்ரானில் கோமா கொத்தின் நடு காலி

கீழக்கரைத் தம்பி கேட்டது: "கேலக்ஸிகள் எவ்வளவு நெருக்கமாகக் கொத்துச் சேர்கின்றன என்று கணக்குப் போட ஐராஸ் பட்டியலா, ஸ்லோன் பட்டியலா, எது உருப்படி அண்ணே?"

ஐராஸ், அகச்சிவப்பில் வானத்தை அளந்த செயற்கைக்கோள்; ஸ்லோன், தரைத் தொலைநோக்கியால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த பட்டியல். இரண்டையும் பல வருடம் புழங்கியும் ஐராஸில் எரிச்சல் தீராத இடம் ஒன்றுதான்: கொத்தின் நடுப்பகுதி. கேலக்ஸிகள் நெருங்கிக் கூடிய கோமா கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லோனில் நீள்வட்ட கேலக்ஸிகள் நடுவில் நெருக்கியடித்து நிற்கும். ஐராஸ் தரவிலிருந்து 2000-இல் வந்த பிஎஸ்சிஇசட் என்ற கேலக்ஸிப் பட்டியலில் அதே இடத்தைத் திறந்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சுருள் கேலக்ஸிகள்தான். ஐராஸ் பார்த்த 60 மைக்ரான் அகச்சிவப்பு அலைநீளத்தில் ஒளிர்வது புது விண்மீன்கள் சூடாக்கிய தூசி. நீள்வட்டங்களில் அது மிகக் குறைவு. போதாததற்கு உணரியின் பார்வை சில ஆர்க்நிமிட (ஒரு ஆர்க்நிமிடம் டிகிரியில் அறுபதில் ஒன்று) அகலம், பக்கத்துப் பக்கத்துக் கேலக்ஸிகள் ஒன்றாகவே பதிவாகிவிடும். நண்டு வலையை விரித்துவிட்டு, கடலில் சூடை மீனே இல்லை என்று பாம்பனில் யாராவது சொல்வார்களா?

எண்ணிலும் இது தெரியும். பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹப்பிள் மாறிலியை 100 என வைத்தால், ஒட்டுறவு நீளம் (கேலக்ஸிகள் எவ்வளவு தூரம் வரை வலுவாகக் கொத்துச் சேர்கின்றன என்ற அளவு) ஒளிப் பட்டியல்களில் சுமார் 5 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு). ஐராஸில் 4-ஐ ஒட்டித்தான்.

காரணத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. ஸ்லோனில் நீல நிற கேலக்ஸிகளை மட்டும் பிரித்து, கேலக்ஸி ஜோடிகளைச் சமவாய்ப்பாகத் தூவிய புள்ளி ஜோடிகளோடு ஒப்பிடும் 1993-இன் லாண்டி–சாலே முறையில் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். மதிப்பு ஐராஸ் பக்கம் இறங்கி வரும். சமவாய்ப்புப் புள்ளிகளைத் தரவைப் போல 20 மடங்காவது போடுங்கள். அவற்றைத் தூரத்தில் சீராகத் தூவிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பிஎஸ்சிஇசட்டின் ஒளி எல்லை 0.6 ஜான்ஸ்கி (வந்து சேரும் ஒளியை அளக்கும் அலகு); அதைவிட மங்கலானவை விடுபடுவதால் தூரம் போகப் போகப் பட்டியல் தானாக மெலியும். சமவாய்ப்புப் புள்ளிகளும் அதே தெரிவுச் சார்பின்படி (எந்தத் தூரத்தில் எத்தனை பங்கு பட்டியலில் சேரும் என்ற கணக்கு) மெலியாவிட்டால், இல்லாத கொத்தெல்லாம் முளைக்கும்.

அகச்சிவப்பு என்றதும் டூமாஸ் என்ற இன்னொரு வான அளவையையும் இதோடு சேர்த்துத் திட்டாதீர்கள். அதன் 2.2 மைக்ரான் பழைய விண்மீன்களைப் பார்ப்பது. அதில் கோமாவின் நடு நிறைந்தே இருக்கும்.

ஸ்லோனும் குறையில்லாததல்ல. கேலக்ஸிகளின் ஒளியைப் பிடிக்கும் இழைகளை ஒரே தட்டில் 55 ஆர்க்செகண்டுக்குள் (60 ஆர்க்செகண்ட் ஒரு ஆர்க்நிமிடம்) இரண்டாகச் செருக முடியவில்லை. அதனால் சுமார் 6 சதவீத கேலக்ஸிகளுக்குச் செந்நகர்ச்சி (தூரத்தைக் கணிக்க உதவும் அளவு) கிடைக்கவில்லை, அதுவும் நெரிசலான இடத்தில்தான் அதிகம். அதைத் திருத்தாமல் சிறு தூரக் கணக்கைத் தொடவே கூடாது.

அந்தத் திருத்தம் செய்தால் சிறு தூரத்துக்கு ஸ்லோன்தான், அதில் பேச்சில்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் கை போவது பிஎஸ்சிஇசட்டுக்கு. இருப்பது 15,000 கேலக்ஸி சொச்சம். ஆனால் வானத்தின் 84 சதவீதத்தையும் ஒரே கருவி, ஒரே அளவுகோலில் அளந்திருக்கிறது. மே மாதம் இரவு 9 மணிக்கு மேல் தனுஷ்கோடியில் நின்றால், தெற்கே கடலுக்கு மேல் சுமார் 40 டிகிரி உயரத்தில் சென்டாரஸ் கொத்து இருக்கும் திசை. ஸ்லோனில் அந்தப் பக்கமே கிடையாது. பிஎஸ்சிஇசட்டில் இருக்கிறது.