ரத்தா, விவாகரத்தா, இருபது ரூபாய்ப் பத்திரமா?

கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே பெண் பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றால், திருநெல்வேலிப் பக்கம் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது "ஒரு வருஷம் பொறுத்துப் பாப்போம்" என்பதுதான். நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் இந்த ஒரு வருஷக் கணக்கு ஒரு வழிக்கு ஒரு மாதிரியும் இன்னொரு வழிக்கு நேர் எதிராகவும் ஓடுகிறது. ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள், கல்யாணத்தை ரத்து செய்யுங்கள் என்று கேட்பதானால், ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டாக வேண்டும். இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து கேட்பதானால், ஒரு வருஷம் பிரிந்து இருந்த பிறகுதான் மனுவே போட முடியும். பொறுத்துப் பார்க்கிற வீட்டில் யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காமலே முதல் வழி கையை விட்டுப் போய்விடுகிறது.

நான் வக்கீல் இல்லை. சித்தி மகளுக்குத் துணையாக இரண்டு வருஷத்துக்கு மேல் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்கு நடந்தவன், அவ்வளவுதான். நடந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவள் கதை சுருக்கமாக. கல்யாணம் திருச்செந்தூரில், விருந்து எங்கள் ஊரில். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை, தரகர் மூலம் வந்த சம்பந்தம். இருபத்து மூன்றாம் நாள், பீரோவில் ரேஷன் கார்டைத் தேடப் போனவள் கையில் ஒரு பத்திரம் கிடைத்தது. இருபது ரூபாய் முத்திரைத்தாள், நாலாக மடித்து மடித்து மடிப்பு நைந்துபோனது. "இன்று முதல் எங்களுக்குள் கணவன் மனைவி என்ற உறவு கிடையாது, என் நகை 11 பவுனையும் பெற்றுக்கொண்டேன், இனி இருவரும் அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்." கீழே அவன் கையெழுத்து, ஒரு பெண்ணின் கையெழுத்து, சாட்சிக்கு நாலு பேர், அதில் ஒருவர் கைநாட்டு. தேதி ஆறு வருஷத்துக்கு முந்தியது. அன்று சாயங்காலமே அவள் பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது வழிகளைப் பார்ப்போம். ரத்து என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு, இதைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 11வது பிரிவில் வருவது ஆரம்பத்திலிருந்தே செல்லாத கல்யாணம். ஏற்கெனவே மனைவியோ கணவனோ உயிரோடு இருக்க, சட்டப்படி பிரியாமல் இன்னொரு கல்யாணம் செய்திருந்தால் அது இதில் அடங்கும். இதற்குக் கால வரம்பு கிடையாது. கட்டக்கூடாத உறவுக்குள் கட்டினாலும் இதே பிரிவுதான், ஆனால் வழக்கம் அனுமதித்தால் விலக்கு என்று சட்டமே சொல்லிவிடுவதால், தாய்மாமனைக் கட்டியதைச் சொல்லி நம் பக்கத்தில் யாரும் ரத்து கேட்க முடியாது. 12வது பிரிவு வேறு. அங்கே கல்யாணம் செல்லும், பாதிக்கப்பட்டவர் கேட்டால் ரத்து செய்வார்கள். ஆண்மைக் குறைவால் தாம்பத்தியமே நடக்காதது, கல்யாண நேரத்தில் இருந்த கடுமையான மனநோய், வற்புறுத்தலோ ஏமாற்றோ, கல்யாணத்தின்போது பெண் வேறொருவரால் கர்ப்பமாக இருந்தது, இவ்வளவுதான் காரணங்கள். ஏமாற்று என்றால் எதிராளியைப் பற்றிய முக்கியமான விஷயத்தை மறைத்திருக்க வேண்டும். "சூப்பர்வைசர்னு சொன்னான், போய்ப் பார்த்தா ஹெல்ப்பர்" என்பதை மட்டும் நம்பிப் போனால் கஷ்டம்தான். விஷயம் தெரிந்த பிறகும் மனம் ஒப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் ரத்து கிடைக்காது. "ஒரு தடவை போய் இருந்துட்டு வா, சரியாயிரும்" என்று பெண்ணைத் திரும்ப அனுப்பி வைக்கும் வீடுகளில் வழக்கு அங்கேயே முடிந்துபோகிறது.

எங்களுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பத்து நாளில் ஆள் வந்தது. சத்தமில்லாமல் சம்மதத்தில் பிரிந்துகொள்ளலாம், நகையும் சீர் சாமானும் ஒரு குண்டுமணி குறையாமல் வந்துவிடும் என்றார்கள். சித்தப்பா கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது, பொய் சொல்வானேன்.

சம்மத விவாகரத்துக்கு நிஜமாகவே நல்ல பக்கம் உண்டு. 13பி பிரிவில் ஒருவர் மேல் ஒருவர் எந்தப் பழியும் சுமத்த வேண்டாம், சாட்சி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். ஒரு வருஷம் பிரிந்திருந்ததும், சேர்ந்து வாழ முடியாது என்பதும், பிரிய ஒத்துக்கொண்டதும் மனுவில் இருந்தால் போதும். மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டு பேரும் மறுபடி வந்து சொல்ல வேண்டும். அந்த 6 மாதத்தைக் கட்டாயமில்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகி, சமரசத்துக்கும் வழியில்லாமல், ஜீவனாம்சம், பிள்ளை விஷயமெல்லாம் பேசி முடிந்திருந்தால் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்யலாம். குறை என்னவென்றால் தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்ப வாங்கலாம். நகையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து போடுகிறேன் என்பவரும், கையெழுத்து போட்டால்தான் நகை என்பவரும் கோர்ட் வராந்தாவில் மாறி மாறி முறைத்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வக்கீல் அம்மா மேஜை மேல் அந்தப் பத்திரத்தை விரித்து, "மறுமணம் செய்துகொள்ளலாம்" என்ற வரியில் விரலை வைத்தார். "அண்ணாச்சி, இதை எழுதினவங்களுக்கு விவாகரத்து கொடுக்க அதிகாரம் கிடையாது. முதல் பொண்டாட்டி இன்னமும் பொண்டாட்டிதான். அப்ப உங்க பிள்ளைக்கு நடந்தது கல்யாணமே இல்ல. இல்லாத கல்யாணத்துக்கு எங்கிட்டு விவாகரத்து வாங்குவீங்க?" சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஏன் அவ்வளவு அவசரமாகச் சம்மதத்துக்கு வந்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. சேர்ந்து போடும் மனுவில் "எங்களுக்கு முறைப்படி திருமணம் நடந்தது" என்று இவளும் கையெழுத்து போட வேண்டும். முதல் கல்யாணத்தை மறைத்து இரண்டாவது செய்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82வது பிரிவில் 10 வருஷம் வரை சிறை கொண்டுவரும் குற்றம், பழைய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது.

இந்தப் பத்திரம் எழுதும் வழியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இன்னமும் நடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, நகையை எண்ணி, தாலியைத் திருப்பிக் கொடுத்து, எழுதி வாங்கி ஒரே சாயங்காலத்தில் தீர்த்துவிடுவார்கள். செலவு இல்லை, வாய்தா இல்லை. வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29வது பிரிவும் ஒப்புக்கொள்கிறது, அதனால் இது முழுக்கச் செல்லாத காசு என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கள் சமூகத்தில் இப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று மனுவில் சொல்லி, சாட்சியோடு நிரூபிக்க வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் வழக்கில் எதிர்மனுவில் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல் அம்மா, "உங்க ஊர்ல இப்படிப் பத்திரம் எழுதிப் பிரிஞ்சவங்க யார் யார்?" என்று கேட்டார். அவன் நாலு பேரைச் சொன்னான். அதில் இரண்டு பேர் பிற்பாடு கோர்ட்டில் விவாகரத்து வாங்கியவர்கள். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

எங்கே மனு போடுவது? கல்யாணம் திருச்செந்தூர் என்றால் அது தூத்துக்குடி மாவட்டம், அங்கேதான் போக வேண்டுமோ என்று பயந்தோம். வேண்டாம். மனைவி மனு போட்டால் அவள் குடியிருக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம், 2003இல் கொண்டுவந்த திருத்தம் அது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

வக்கீல் அம்மா மனுவில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார். 11வது பிரிவில் செல்லாது என்று அறிவியுங்கள், அது நிரூபணமாகவில்லை என்றால் முதல் கல்யாணத்தை மறைத்ததே ஏமாற்று, 12வது பிரிவில் ரத்து செய்யுங்கள். இரண்டாவதற்கு ஒரு வருஷ வரம்பு உண்டு என்பதால்தான் நாலாவது மாதமே போட்டார். அதன் பிறகு கவுன்சிலிங். அங்கே போனதும் "ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாமே" என்று கேட்டார்கள், "யாருக்கு, எனக்கா, மூத்தவளுக்கா?" என்று இவள் திருப்பிக் கேட்டாள், அத்தோடு எழுதி அனுப்பிவிட்டார்கள். ரத்து வழக்கின் நிஜமான பாரம் நிரூபணம்தான். இவள் கல்யாணம் நடந்ததற்கு ஆல்பமும் பத்திரிகையும் இருந்தன. அவனுடைய முதல் கல்யாணம் நடந்ததையும் நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பத்திரம் பிரிவுக்குத்தான் ஆதாரம், கல்யாணத்துக்கு நேரடிச் சாட்சி வேண்டும் என்றார்கள். அந்த முதல் மனைவியின் ஊரைத் தேடிப் போய், அவள் அப்பாவிடம் மூன்று தடவை பேசி, கடைசியில் அந்தப் பெண்ணே கூண்டேறிச் சொன்னாள்.

ஆண்மைக் குறைவு காரணமென்றால் இன்னும் சங்கடம். மருத்துவப் பரிசோதனைக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம், வர மறுத்தால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று 2003 தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அந்த மாதிரி வழக்கில் சம்மதம் கிடைக்கும் என்றால் என் ஓட்டு சம்மத விவாகரத்துக்குத்தான். விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்லிக் கேட்கலாம், கிடைக்கும். ஆனால் அறைக்கு வெளியே டவாலி இரண்டு பேர் பெயரையும் சேர்த்து மூன்று தடவை கூப்பிடுவதை எந்தக் கதவை வைத்து மூடுவது? ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் பெயரோடு தன் பெயர் கேட்கும்போது இவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

18 முடியாத பெண்ணுக்கோ 21 முடியாத பையனுக்கோ நடந்த கல்யாணம் என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, மேஜரான பிறகு 2 வருஷத்துக்குள் மனு போட்டு வயதை நிரூபித்தால் போதும், ரத்து. கொடுத்த நகையையும் பணத்தையும் திருப்பித் தரவும் அதே தீர்ப்பில் உத்தரவு வரும். இருக்கிற வழிகளில் இதுதான் நேரானது, ஆனால் அந்த வயதில் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்.

கத்தோலிக்க வீடுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் கல்யாணம் செல்லாது என்று வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். 2015இல் போப் பிரான்சிஸ் நடைமுறையை எளிதாக்கி, இரண்டாவது தீர்ப்பும் ஒத்துவர வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டார், அதனால் முன்பைவிடச் சுலபம்தான். ஆனால் அது கோயிலில் மறுபடி கல்யாணம் செய்வதற்கு மட்டும். சட்டத்தின் முன் அந்தத் தீர்ப்பு எடுபடாது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சர்க்காருக்குக் கோர்ட் தீர்ப்பு, சபைக்குத் தீர்ப்பாயத் தீர்ப்பு, இரண்டும் வேண்டும். மேலப்பாளையத்து முஸ்லிம் பெண்கள் குலா, அதாவது தங்கள் பக்கமிருந்து மணமுறிவு, கேட்பதும் இப்போது இதே மாதிரிதான், தனியார் அமைப்பு கொடுக்கும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது.

காசு விஷயத்தில் ஆண்கள் ஒரு கணக்கு போடுகிறார்கள். கல்யாணமே செல்லாது என்றால் ஜீவனாம்சமும் கிடையாதே என்று. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை அடித்துவிட்டது, செல்லாத கல்யாணமானாலும் இந்து திருமணச் சட்டத்தின் 25வது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளை பிறந்திருந்தால் அது சட்டப்படியான பிள்ளைதான், ரத்தானாலும் மாறாது. எங்கள் வீட்டில் ஜீவனாம்சம் கேட்கவில்லை, நகையும் கட்டிலும் பீரோவும் வந்தால் போதும் என்று சித்தி சொல்லிவிட்டாள். பீரோ வந்தது, சாவி வரவில்லை.

ஆக, என்னைக் கேட்டால், எதிராளி ஒத்துக்கொண்டு, கல்யாணமும் முறையாக நடந்த கல்யாணம் என்றால் சம்மத விவாகரத்து. "விவாகரத்து ஆனவள்" என்ற பெயர் வேண்டாம் என்பதற்காக மட்டும் ரத்துக்குப் போகாதீர்கள், சம்பந்தம் பேச வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை, "முதல்ல ஒண்ணு ஆயிட்டு" என்பதோடு அவர்களுக்கு முடிந்தது. முதல் கல்யாணம் மறைத்தது, வயசு முடியாமல் கட்டியது, இந்த மாதிரி என்றால் மட்டும் வேறு பேச்சே வேண்டாம், ரத்துதான். பத்திரத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

மனு போட்டு இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் கழித்து 11வது பிரிவிலேயே தீர்ப்பு வந்தது. சர்ட்டிஃபைடு காப்பி வாங்கின அன்று, சாட்சி சொன்ன அந்தப் பெண்ணின் அப்பா வளாகத்து வேப்பமரத்தடியில் எங்களுக்காகக் காத்திருந்தார். தீர்ப்பை ஒரு ஜெராக்ஸ் கேட்டார். கொடுத்தோம். வக்கீல் அம்மாவிடம் படித்துச் சொல்லச் சொன்னார், "முதல் திருமணம் நிலுவையில் உள்ளது" என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப எங்க பிள்ளைக்கு இன்னும் தீரலையாம்மா? அடுத்த மாசம் நிச்சயம் வச்சிருக்கோம்."

வக்கீல் அம்மா பத்திரத் தேதியைக் கேட்டார். பிரிந்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவனையும் கையெழுத்துக்குக் கூட்டிவர முடிந்தால் 13பியில் சீக்கிரம் முடித்துவிடலாம், 6 மாதத்தையும் தள்ளச் சொல்லிக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டு, நிச்சயத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். அவர் ஜெராக்ஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.