ஸ்டாண்டிங் டெஸ்க்கா, வாட்ச் அலாரமா, ஜிம்மா: உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு எது உதவும்?

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை வாங்கு என்பார் ஒருவர், வாட்சில் அலாரம் வை என்பார் இன்னொருவர், இதெல்லாம் எதுக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போனால் தீர்ந்தது என்பார் மூன்றாமவர்.

முதலில் மேசையையும் நினைவூட்டலையும் பார்ப்போம், ஏனென்றால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர், லிவர்பூல், மான்செஸ்டர் பகுதிகளின் கவுன்சில் அலுவலக ஊழியர்கள் 756 பேரை வைத்து நடந்த சோதனை அது, 2022இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியானது. ஒரு குழுவுக்கு உட்காருவதைக் குறைக்கப் பயிற்சி, நினைவூட்டல், சக ஊழியரின் ஊக்கம். இன்னொரு குழுவுக்கு அதோடு மேசையும். மூன்றாவது குழு வழக்கம் போல. ஒரு வருடம் கழித்து, இந்த மூன்றாவது குழுவோடு ஒப்பிட்டால் மேசை இல்லாதவர்கள் ஒரு நாளில் சுமார் 22 நிமிடம் குறைவாக உட்கார்ந்தார்கள், மேசை கிடைத்தவர்கள் 64 நிமிடம். வெறும் அறிவுரையை விடக் கண்ணெதிரே நிற்கும் மரச்சாமான் வலியது என்பது இதில் தெளிவு.

ஆனால் குறைந்த அந்த நேரம் எங்கே போனது? பெரும்பாலும் நிற்பதற்குத்தான், நடப்பதற்கு அல்ல. நிற்பதால் ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாகச் செலவாவது சுமார் 9 கலோரி. ஒரு மாரி பிஸ்கட் கணக்கைத் தீர்க்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும்! அதோடு, பிரிட்டனில் 83,000 பேரின் தரவை வைத்து 2024இல் வந்த ஆய்வு, அதிகம் நிற்பதால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து குறைவதாகக் காட்டவில்லை. நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பவர்களுக்கு நரம்பு சுருட்டல் போன்ற ரத்த ஓட்டப் பிரச்சினைகள் கூடுவதாகத்தான் சொன்னது. நம்மூர் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். 2021இல் தமிழ்நாடு அரசு சட்டம் திருத்திய பிறகுதான் அவர்களுக்கு உட்கார ஒரு இருக்கை என்பதே உரிமையானது.

அலாரம் மலிவு, அதை அணைப்பதும் சுலபம். மீட்டிங்கில் இருக்கும்போது வாட்ச் அதிர்ந்தால் யார் எழுந்திருக்கிறார்கள்? ஆயுஷ் அமைச்சகம் 2021இல் ‘ஒய்-பிரேக்’ என்று ஐந்து நிமிட யோகா செயலி ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல யோசனைதான், ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் ஒருவர் மட்டும் எழுந்து கையைத் தூக்கி நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மேனேஜரே முதலில் எழுந்தால் மட்டும் ஓடும்.

ஜிம் கட்சிக்காரர்களிடமும் ஆதாரம் உண்டு. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைத் திரட்டி 2016இல் லான்செட் இதழில் வந்த அலசல், நாளில் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதோடு சேர்ந்த கூடுதல் மரண ஆபத்து கிட்டத்தட்ட இல்லாமல் போவதாகச் சொன்னது. கவனிக்க, தினமும்! சென்னை ஓஎம்ஆர் சாலை டிராஃபிக்கில் நீந்தி எட்டரை மணிக்கு வீடு சேர்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

என் ஓட்டு குட்டி நடைக்கு. கொலம்பியா பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட சோதனையில் அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் எகிறும் சர்க்கரை சுமார் 58 சதவீதம் குறைந்தது. பதினொரு பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான், சரி. ஆனால் மணிக்கு ஒரு நிமிடம் நடந்ததில்கூட ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. மத்தியானம் சோறு சாப்பிட்டதும் சீட்டுக்குத் திரும்பாமல் ஒரு சுற்று, கேமரா தேவையில்லாத போன் அழைப்புகளை நடந்துகொண்டே பேசுவது, தண்ணீருக்குச் சின்ன பாட்டில் வைத்துக்கொண்டு அடிக்கடி போய் நிரப்புவது: வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவதால் இதற்கு அலாரமே வேண்டாம்.

கைக்காசு போட்டு மேசை வாங்காதீர்கள், கம்பெனி கொடுத்தால் விடாதீர்கள், நின்றாலும் அரை மணியில் உட்காருங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. கால் சென்டரில் ஹெட்செட்டைக் கழற்றினாலே லாகின் நேரம் குறைகிறவர்களுக்கு நடை எல்லாம் சாத்தியமில்லை. அங்கே மேசைதான் ஒரே வழி, அதை வாங்கித் தரவேண்டியதும் கம்பெனிதான்.