லீவுக் கணக்குப் பாத்துத் தாறம் எண்டு 18,500 ரூபா சுருட்டிட்டாங்கள், திருமலை அம்மாமார் கவனம்

இண்டைக்குக் காலமதான் அந்த நம்பர் என்னை வட்ஸ்அப்ல புளொக் பண்ணினது. கோவம் ஆற முதல் எழுதிப் போடுறன், எழுத்துப்பிழை பாக்காதேங்கோ.

டவுனுக்குள்ள ஒரு பிரைவேட் ஒபிஸில எக்கவுண்ட்ஸ் வேலை எனக்கு. பிரசவ லீவு 84 நாளும் முடிஞ்சு, பிள்ளையைப் பாக்க ஆளில்ல, அம்மாவுக்கு மூட்டு வருத்தம், அன்புவழிபுரத்தில இருந்து டெய்லி பஸ் ஏறி வர ஏலாது, அதால காலம 8.30ல இருந்து 12.30 மட்டும் எண்டு பேசி ஹாஃப் டேக்குத் திரும்பினன். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு லீவு கேட்டா எச்ஆர் பிள்ளை சொல்லுது, "அக்கா உங்களுக்கு லீவே இல்ல, 84 நாள் எடுத்திட்டீங்கதானே, இப்ப பார்ட் டைம் வேற." எனக்கு ஏறிட்டு. ஆரிட்டயாவது எழுத்தில வாங்கி முகத்தில போடணும் எண்டு தேடேக்கதான் அந்த ஃபேஸ்புக் பேஜ் மாட்டிச்சு.

பேஜின்ட பேரை நான் இங்க போடேல்ல. தொழிலாளர் சட்ட ஆலோசனை எண்டு தமிழில வடிவா போஸ்ட் போடுற வகை, தராசுப் படம், கொழும்பு அட்ரஸ். இன்பொக்ஸ் பண்ணின உடன ஒரு பொம்பிளை வொய்ஸ் போட்டா. "தங்கச்சி, நானும் கைப்பிள்ளையோட வேலைக்கு ஓடினவள்தான், ஒண்டும் யோசிக்காதேங்கோ." பிள்ளை பால் குடிக்குதா, ராவில நித்திரை கொள்ளுதா எண்டெல்லாம் கேட்டா. சொந்த அக்கா கதைக்கிற மாதிரி இருந்திச்சு. அந்த வொய்ஸுக்குத்தான் நான் காசு குடுத்தன், வேற ஒண்டுக்குமில்ல. முதல் 3,500 கணக்குப் பாக்க, பிறகு 15,000 சட்டத்தரணி கையெழுத்தோட கடிதத்துக்கு. மொத்தம் 18,500 ரூபா, பாங்க் ட்ரான்ஸ்பர், ஸ்லிப் ரெண்டும் கிடக்கு. ஹாஃப் டே சம்பளக்காரிக்கு 18,500 எண்டா என்னெண்டு உங்களுக்கு விளங்கும்.

வந்தது ஒரு பிடிஎஃப். கையெழுத்துமில்ல, சீலுமில்ல. "வருடத்துக்கு 5.6 கிழமை, 28 நாள், மகப்பேற்று லீவுக் காலத்திலயும் லீவு சேரும், பகுதிநேரம் எண்டால் விகிதப்படி" எண்டு போட்டிருக்கு. நம்பிக் கொண்டு போய்க் குடுத்தா எச்ஆர் பிள்ளை வாசிச்சுப்போட்டு, "இதில பாங்க் ஹொலிடே எண்டெல்லாம் கிடக்கு, போயா லீவு எங்க அக்கா?" எண்டு சிரிக்குது.

லண்டன்ல இருக்கிற மச்சாளுக்கு அனுப்பினன். அவ பாத்த உடன சொன்னா, "இது எங்கட நாட்டுச் சட்டமடி." அவ அங்க கிழமைக்கு 3 நாள் வேலை, 5.6ஆல பெருக்கி 16.8 நாள் வருமாம், பிரசவ லீவில நிண்ட மாசங்களுக்கும் பழைய முழுநேரக் கணக்கிலயே சேர்ந்ததாம். நல்ல சட்டம்தான், ஆனா அது அங்க. இங்கிலாந்துக் கணக்கைக் கொப்பி அடிச்சுத் தமிழாக்கி எனக்கு வித்திருக்கிறாளுகள், 18,500க்கு!

பேஜ்காரரிட்டக் கேட்டா முதல்ல "சேர் கோர்ட்ல நிக்கிறார்." பிறகு "ஃபைலைத் திருப்பிப் பாக்கிறம்." பிறகு நீல டிக் மட்டும். காசைத் திருப்பிக் கேக்க, "அது கொன்சல்டேஷன் ஃபீ, ரீஃபண்ட் இல்ல" எண்டு. தங்கச்சி எண்டு கூப்பிட்ட வாய் "மேடம்" எண்டு மாறிட்டு. நேத்து நான் கொஞ்சம் கடுமையாக் கதைச்சு வொய்ஸ் போட்டன், விடிய புளொக்.

வயித்தெரிச்சல் என்னெண்டா திருகோணமலையிலயே லேபர் ஒபிஸ் இருக்கு. அங்க இருக்கிற ஒபிஸர் ஒரு சதமும் கேக்காம விளக்கினார். 1954ம் ஆண்டு கடை, காரியாலயச் சட்டத்தில எங்கள மாதிரி ஒபிஸ் ஆக்களுக்கு வருடாந்த லீவு 14, கஷுவல் 7. பிரசவ லீவு 84 அதுக்கு மேலதிகம், அதைக் காட்டி மத்த லீவை வெட்ட ஏலாது. வருடாந்த லீவு போன வருச உழைப்புக்கு இந்த வருசம் வாறது, போன வருசம் நான் முழுநேரம். ஹாஃப் டேக்கு மாறினதை எழுத்தில தந்தவையா எண்டு கேட்டு, அந்தக் கடிதத்தைக் கொண்டு வரச் சொன்னார். ஒபிஸ் தரவே இல்ல, இப்ப அதுக்கு ஒரு சண்டை.

அந்தப் பேஜில மூண்டாவது பிள்ளைக்கு 42 நாள்தான் எண்டு இன்னும் ஒரு போஸ்ட் தொங்குது. அது 2018லயே மாறி எல்லாப் பிள்ளைக்கும் 84 ஆயிட்டு. இதுகூடத் தெரியாத ஆக்கள் ஆலோசனை விக்கினம்.

விரிவா எழுதுவம் எண்டுதான் இருந்தன், பிள்ளை எழும்பிட்டு. காசு கட்ட முதல் சட்டத்தரணின்ட முழுப்பேரைக் கேளுங்கோ. பார்ட் டைமுக்கு மாறேக்க மணித்தியாலம், சம்பளம், லீவு மூண்டும் எழுத்தில வாங்குங்கோ. எதுக்கும் முதல்ல லேபர் ஒபிஸுக்குப் போங்கோ.

ஸ்லிப், வொய்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு நாளைக்கு பொலிஸுக்குப் போறன். இதே ஆக்களிட்டக் காசு குடுத்தவை இருந்தா இன்பொக்ஸ் வாங்கோ, சேர்ந்து போவம்.