ஹக்கோனே மரப்பெட்டிகள்: ரகசியப் பெட்டியா, கரகுரியா?

ஜப்பானின் ஹக்கோனே மலைப்பகுதிக்குப் பேர் வாங்கித் தந்த கைவேலைகளில் ஒன்று ஹிமிட்சு பாக்கோ என்ற ரகசியப் பெட்டி. பக்கப் பலகைகளைச் சரியான வரிசையில் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் கடைசியில் மூடி விலகும். 7, 10, 21 அசைவுகள் எனப் பல அளவில் கிடைக்கும். மேலே இருக்கும் யோசெகி வேலைப்பாட்டில் சாயமே கிடையாது. இயற்கையாகவே வெவ்வேறு நிறமுள்ள மரத்துண்டுகளை ஒட்டி, அந்தக் கட்டையை இழைப்புளியால் தாள்போலச் சீவி ஒட்டுகிறார்கள். அந்தக் கோலத்துக்குள்தான் இணைப்புக் கோடுகள் ஒளிந்திருக்கின்றன. கண்ணை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் தேடுங்கள். ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் எல்லாப் பக்கங்களையும் மறுபடி அழுத்திப் பாருங்கள், முதலில் நகர்ந்த பலகையே இன்னும் கொஞ்சம் நகரக்கூடும்.

கரகுரி பெட்டி, அதாவது உள்ளே சூட்சுமம் வைத்த புதிர்ப்பெட்டி, வேறு குணம். மரவேலைக் கைவினைஞர் அகியோ கமேயும் அவருடைய குழுவினரும் செய்பவற்றில் ஒன்றைத் திறந்த அனுபவம் அடுத்ததற்கு அவ்வளவாக உதவாது. சாய்ப்பது, சுழற்றுவது, உள்ளே காந்தம் என்று வழிகள் மாறும். உருவமே துப்பாகவும் இருக்கலாம். ஆனால் விலை அதிகம், விடை தெரிந்தபின் அந்த முதல் வியப்பு திரும்ப வராது.

முதல் பெட்டி என்றால் 10 அசைவு ரகசியப் பெட்டியைத்தான் சொல்வேன். வரிசையைத் தலைகீழாக்கி அதை மூடுவதும் திறப்பதைப் போலவே சுகம். அப்புறம், பலகை இறுகினால் பலம் காட்டாதீர்கள். ஈரக்காற்றில் மரம் உப்பியிருக்கும்.