காந்தப்புலத்தைக் கண்காணிக்க எது தேவலை: துகள் எண்ணியா, காந்தமானியா?

கொள்ளிடக் கரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்று அறிய இரண்டு வழி உண்டு. வெள்ளம் வரும்போது தண்ணீர் எங்கே வழிகிறது என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் கரை நெடுக நடந்து உயரத்தை அளந்து குறிக்கலாம். பூமியின் காந்தப்புலத்தைக் கவனிக்கும் செயற்கைக்கோள்களிலும் இந்த இரண்டு ரகம் உண்டு.

துகள் எண்ணிகள் வழிவதைப் பார்க்கிற ரகம். பூமியைச் சுற்றிக் காந்தப்புலம் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் இடம் வான் ஆலன் பட்டை. அதில் சிக்கிய புரோட்டான்கள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்), காந்தப்புலம் பலவீனமான தென் அட்லாண்டிக், பிரேசில் பக்கம் தாழ இறங்குகின்றன. அங்கே போகும்போது ஹப்பிள் தொலைநோக்கிகூட வேலையை நிறுத்திக்கொள்கிறது. பல ஆண்டு எண்ணிக்கையை அடுக்கிப் பார்த்தால், அந்தப் பகுதி ஆண்டுக்குச் சுமார் 0.3 பாகை மேற்கே நகர்வது தெரிகிறது. செலவும் குறைவு, வானிலைச் செயற்கைக்கோள்களிலேயே இந்தக் கருவி கூடவே போய்விடுகிறது.

சிக்கல் சூரியனால் வருகிறது. 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியன் உச்சத்தில் இருக்கும்போது மேல் வளிமண்டலம் சூடாகி உப்பி, புரோட்டான்களை விழுங்கிவிடும். கரை அப்படியே இருக்கிறது, வழியும் தண்ணீர்தான் குறைகிறது. இதைக் கழிக்காமல் காந்தப்புலம் வலுத்துவிட்டது என்று எழுதினால் தப்பு. அப்புறம், நம் டெல்டாவுக்கு மேலே பட்டைப் புரோட்டான்கள் அவ்வளவு தாழ வருவதில்லை. ஆக, நம் ஊர்க் காந்தப்புலம் பற்றி இந்தக் கருவியிடம் கேட்டுப் பயனில்லை.

காந்தமானி அப்படியல்ல, அது புலத்தின் வலுவையே நேராக அளக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 நவம்பரில் அனுப்பிய மூன்று ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் எங்கே பறந்தாலும் எண் தரும். தரை மட்டத்தில் டெல்டாவில் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புல வலுவின் அலகு). தென் அட்லாண்டிக் பகுதியின் மிகப் பலவீனமான இடத்தில் 1970இல் சுமார் 24,000, 2020இல் 22,000. ஆனால் இதுவும் சும்மா வருவதில்லை. செயற்கைக்கோளின் சொந்த மின்சாரம் கெடுக்காமலிருக்கக் கருவியை நீண்ட கம்பின் நுனியில் வைக்க வேண்டும். திருநெல்வேலிக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டமும் கணக்கில் கலந்துவிடும். அதனால் பூமிக்குள்ளிருந்து வரும் புலத்தைப் பிரிக்க இரவு அளவுகளையே பெரிதும் நம்புகிறார்கள்.

புலத்தை அளப்பது என்றால் என் ஓட்டு காந்தமானிக்கே. ஒரு விஷயத்தில் மட்டும் துகள் எண்ணி முந்துகிறது. காந்தமானி ஏந்திய மாக்சாட் செயற்கைக்கோள் 1980இல் முடிந்தது. அதே துல்லியத்தில் அடுத்த கோள், ஆர்ஸ்டெட், 1999இல்தான் கிளம்பியது. தரையில் காந்தப்புலத்தை அளக்கும் ஆய்வகங்கள் இருந்தன. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரிலேயே 1957இல் ஒன்று வந்தது. ஆனால் தென் அட்லாண்டிக் பெரும்பாலும் கடல், கருவி வைக்க இடம் ஏது? டைரோஸ்-என் வானிலைக் கோள் 1978இலும் சாம்பெக்ஸ் 1992இலும் துகள்களை எண்ணக் கிளம்பின. அந்த இடைவெளியில் விண்ணிலிருந்து கிடைக்கும் சாட்சி இந்தத் துகள் எண்ணிகளுடையதுதான்.