திருநீற்றுக்கு அடியில் ஒரு பச்சைப் புள்ளி: பெயின்டரா, பிளெண்டரா?

அப்பத்தாவின் முகத்தை முப்பரிமாணத்தில் செய்து முடித்து, ரெண்டர் எடுத்த, அதாவது கணினி வெளிச்சத்தைக் கணக்கிட்டு உருவாக்கிய, படத்தை ஊருக்கு அனுப்பினேன். அத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "எல்லாம் சரிடா. ஆத்தா நெத்தியில பச்சை குத்தியிருக்குமே, அது எங்க?"

அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. கையில் இருந்த மூன்று போட்டோவிலும் நெற்றி முழுக்கத் திருநீறு. தாத்தா போன பிறகு பூச ஆரம்பித்தது. நான் பார்த்த அப்பத்தாவுக்கு அதுதான் நெற்றி. "அந்தத் துன்னூற லேசாக் கலைச்சு விடு, பச்சை தெரியட்டும்" என்றார் அத்தை.

ஒரு லேயரை மங்கலாக்கி, அடியில் ஒரு புள்ளி வைக்கிற வேலை. எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின. ஏனென்றால் அந்த முகத்தை நான் வரைந்தது, முப்பரிமாண மாடலின் மேல் நிறம் தீட்டும் சப்ஸ்டன்ஸ் பெயின்டர் என்ற மென்பொருளில், அதுவும் அப்போது வேலை பார்த்த ஸ்டூடியோவின் கணினியில், ராத்திரி எல்லோரும் போன பிறகு. வேலையை விட்டபோது ஃபைலை பென் டிரைவில் எடுத்து வந்தேன். திறக்க மென்பொருள் இல்லை. எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்த நான்கு படங்களிலும் திருநீறு தோலோடு தோலாகக் கலந்து கிடந்தது. நிறத்திலும் இருந்தது, ரஃப்னஸிலும் (எங்கே மினுங்கும், எங்கே மங்கும் என்று சொல்லும் படம்) இருந்தது, நார்மல் மேப்பிலும் (நுண்ணிய மேடு பள்ளத்தைக் காட்டும் படம்) இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. சொந்த வேலையை அடுத்தவர் லைசென்ஸில் செய்தால் இப்படித்தான் ஆகும்.

அதனால் அதே தலையை, அதே யூவியோடு (முகத்தைத் தட்டையாக விரித்த வரைபடம்), பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள்ளேயே மறுபடி வரைந்தேன். ஒரே முகத்தை இரண்டிலும் வரைந்தவன் என்ற தகுதியில்தான் இந்த ஒப்பீடு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் இப்போது பிளெண்டர் பக்கம்.

அறிமுகம் தேவையில்லை என்று நினைக்கிறேன். பெயின்டர் 2014-ல் வந்தது, அலெகாரித்மிக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் சரக்கு, 2019-லிருந்து அடோபி கையில். பிளெண்டர் இலவசம். மாடலிங், லைட்டிங், ரெண்டர் எல்லாம் உள்ளேயே இருக்கிறது; வரைவதற்கும் ஒரு மூலை உண்டு. அந்த மூலை சின்னதுதான், அதை மறைக்க முடியாது.

பெயின்டர் எதில் கெட்டி என்றால் லேயரில். போட்டோஷாப் தெரிந்தவருக்கு அரை நாளில் கை பழகிவிடும். ஒரு லேயரைத் தீட்டும்போதே நிறம், ரஃப்னஸ், மேடு பள்ளம் மூன்றும் ஒன்றாக விழும். மாடலின் விளிம்பு எங்கே, குழி எங்கே என்று முதலில் கணக்கிட்டுப் படமாகப் பதிந்து (bake) வைத்துக்கொண்டு, அதை வைத்தே அழுக்கையும் தேய்மானத்தையும் தானாகப் பரப்பும். துப்பாக்கி, பழைய மோட்டார், பித்தளைக் குத்துவிளக்கு இதெல்லாம் செய்பவர் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். அப்பத்தாவின் காதில் தொங்கும் தண்டட்டிக்கு முதல் தடவை பெயின்டரில் பத்து நிமிடம் ஆனது: மடிப்புகளில் கருப்பேறி, முனைகளில் தேய்ந்து, நாற்பது வருடம் போட்டுக் கழற்றிய தங்கம். பிளெண்டரில் அதையே நோடுகளை, அதாவது சின்னச் சின்னக் கணக்குப் பெட்டிகளை, கோத்துச் செய்ய ஒரு சாயங்காலம் போயிற்று, அப்படியும் முதலாவதுதான் நன்றாக இருந்தது.

ஆனால் முகம் குத்துவிளக்கு இல்லை. மூக்கு நுனி தேய்ந்து வெளிர்வதில்லை. கன்னம் ஏன் அந்த இடத்தில் கருத்திருக்கிறது, கண்ணோரச் சுருக்கத்துக்குள் தோல் ஏன் வெளிச்சமாக இருக்கிறது (வெயில் படாத இடம், கண்ணைச் சுருக்கியே பழகிய முகம்) என்பதையெல்லாம் அப்படித் தானாகப் பரப்பும் எந்த ஜெனரேட்டரும் கண்டுபிடிக்காது. கையால்தான் வைக்க வேண்டும். பெயின்டரின் பெரிய பலமே முகத்தில் பாதிக்கு மேல் சும்மா இருக்கிறது. மிஞ்சுவது லேயர் வசதி.

லேயர் இல்லாத பிளெண்டரில் நான் செய்தது இது. நிறத்தை வரையவே இல்லை; மாஸ்க்குகளை மட்டும் வரைந்தேன். வெயிலில் கருத்த இடம் ஒரு கருப்பு வெள்ளைப் படம். உதட்டோரமும் இமையும் சிவக்கும் இடம் ஒன்று. எண்ணெய்ப் பசை ஒன்று. மங்கு ஒன்று. பச்சை ஒன்று. திருநீறு ஒன்று. மொத்தம் ஆறு. நிறங்கள் எல்லாம் நோடில் இருக்கின்றன. மாஸ்க் எங்கே வெள்ளையோ அங்கே அந்த நிறம் ஏறும். திருநீறு மாஸ்க் நிறத்துக்கு மட்டுமல்ல, ரஃப்னஸுக்கும் போகிறது, தோலுக்குள் ஒளி ஊடுருவுவதைக் குறைக்கும் கணக்குக்கும் போகிறது. காய்ந்த சாம்பல் மினுங்காது, அதற்குள் வெளிச்சமும் இறங்காது. பச்சை இதற்கு நேர்மாறு. அது தோலுக்கு உள்ளே இருக்கும் மை, ஆகவே ரஃப்னஸைத் தொடவே கூடாது. மேலே தோல் எப்படி மினுங்குகிறதோ அப்படியே மினுங்க வேண்டும். குத்தியபோது கருப்பாக இருந்தது, தோலுக்கு அடியில் போனதும் நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது, வருடம் ஆக ஆக ஓரம் கசிகிறது. முதலில் கூர்மையான பிரஷ்ஷில் வைத்தேன், ஸ்கெட்ச் பேனாவில் புள்ளி வைத்த மாதிரி இருந்தது. பிறகு ஸ்மியர் பிரஷ்ஷால் ஓரத்தை நான்கு பக்கமும் இழுத்து விட்டதும் உள்ளே போய் உட்கார்ந்தது.

இந்த முறைக்குச் சேதாரம் உண்டு. 4096-க்கு 4096 அளவில் எட்டு பிட் வண்ணப் படம் ஒன்று நினைவகத்தில் 64 எம்பி பிடிக்கும். மேடு பள்ளத்தை 32 பிட்டில் வைத்தால் 256 எம்பி. ஆறு மாஸ்க்கோடு என் பழைய மடிக்கணினி மூச்சு வாங்கியது. தீட்டியதைத் திரும்பப் பெற கன்ட்ரோல் இசட் அடித்தால், ஒரு வாய் டீ குடித்துவிட்டு வரலாம். இன்னொன்று, புதிதாக வருபவர்கள் அடிபடும் இடம்: பிளெண்டர் ஃபைலை சேவ் செய்தாலே வரைந்த படமும் சேவ் ஆகிவிடும் என்று நம்பக் கூடாது. படத்தைத் தனியாகச் சேமிக்க வேண்டும், அல்லது ஃபைலுக்குள்ளேயே பொதிந்து (pack) வைக்க வேண்டும். மூடும்போது எச்சரிக்கும்தான், தூக்கக் கலக்கத்தில் யார் படிக்கிறார்கள்?

பெயின்டரிலிருந்து பிளெண்டருக்குக் கொண்டுவருவதிலும் சின்னச் சின்னக் கண்ணிகள். நார்மல் மேப்பை ஓப்பன்ஜிஎல் வகையாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். டைரக்ட்எக்ஸ் வகையை எடுத்தால் பச்சை சேனல் தலைகீழாகி, தோல் துளைகள் எல்லாம் பருக்களாகப் புடைத்து நிற்கும். அப்பத்தாவுக்கு ஒரு நாள் முழுக்க வேர்க்குரு வந்திருந்தது. ரஃப்னஸ் படத்துக்கு நிற மாற்றம் வேண்டாம் என்று நான்-கலர் அமைப்பில் வைக்காவிட்டால் முகம் எண்ணெயில் முக்கி எடுத்தது போல ஆகிவிடும். வரைந்ததும் ரெண்டர் ஆவதும் ஒரே இடத்தில் என்றால் முதல் கண்ணி கிடையாது, இரண்டாவதும் பெரும்பாலும் கண்ணெதிரிலேயே மாட்டிக்கொள்ளும்.

அதைவிட முக்கியம், எந்த வெளிச்சத்தில் வரைகிறோம் என்பது. பெயின்டரின் திரையில் ஒரு வெளிச்சம். நான் ரெண்டர் எடுப்பது வேறு வெளிச்சம். அங்கே அழகாக இருந்த கன்னச் சிவப்பு, பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் வந்ததும் ரூஜ் பூசியது போல இருந்தது. காரணம் இலேசானது. சைக்கிள்ஸ் ஒளியைத் தோலுக்குள் அனுப்பிச் சிதறடிக்கும்போது சிவப்பைத்தான் அதிக தூரம் போகவிடும்: பிளெண்டர் தரும் இயல்பான விகிதம் சிவப்புக்கு 1, பச்சைக்கு 0.2, நீலத்துக்கு 0.1. நான் வரைந்த சிவப்பின் மேல் அதுவும் தன் சிவப்பை ஏற்றியது. பிளெண்டருக்குள் வரைந்தபோது, முடிவில் வைக்கப்போகும் அதே விளக்குகளை வைத்துக்கொண்டே தீட்டினேன். பிளெண்டரின் இன்னொரு, வேகமான ரெண்டரான ஈவியில் தீட்டுவது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சைக்கிள்ஸுக்கு மாற்றிப் பார்ப்பது. சைக்கிள்ஸிலேயே தீட்டலாம் என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் படம் முதலிலிருந்து பொறிப்பொறியாகத் தேறி வரும், பொறுமை போதாது.

வெளிச்சம் என்று வந்துவிட்டதால் அந்தத் தேர்வையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஹெச்டிஆர்ஐ ஒன்றைப் போட்டேன், நிஜ இடத்தின் வெளிச்சத்தைச் சுற்றிலும் பிடித்து வைத்த படம் அது. பாலி ஹேவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு சொடுக்கில் உலகமே வெளிச்சமாகிவிடும். வெளுத்த தோலுக்கு அது ஒப்பேறும். அப்பத்தா நல்ல கருப்பு. நாலா பக்கமும் வெளிச்சம் வந்ததும் முகம் தட்டையாகி, சாம்பல் பூத்துப் போயிற்று. வெளிச்சத்தைக் கூட்டினேன், கருப்பு வெளுத்ததே தவிர அப்பத்தா வரவில்லை.

கருத்த தோலில் உருவத்தைக் காட்டுவது மேலே தெறிக்கும் மினுமினுப்புதான். தோலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.4; நேராக விழும் ஒளியில் 2.8 சதவீதத்தை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பும். வெளுப்போ கருப்போ, இந்தக் கணக்கு ஒன்றுதான். உள்ளே போய்த் திரும்பும் ஒளியை மேல்தோலின் மெலனின் குடித்துவிடுவதால், கருத்த முகத்தில் அந்த 2.8-இன் பங்கு பெரிதாகிறது. ஆகவே நிறத்துக்கு நான் செலவழித்ததைவிட எண்ணெய்ப் பசை மாஸ்க்குக்குச் செலவழித்த நேரம் அதிகம். மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, கீழுதடு, இமை மேடு மினுங்கும். தாடையோரம் வறண்டு கிடக்கும்.

விளக்கு இரண்டே வைத்தேன். போட்டோ எடுத்தது வீட்டு நிலைப்படியில். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து, வாசல் வழியாக. அதனால் வாசல் அளவுக்கே, மூன்றடிக்கு ஆறரையடி, ஒரு ஏரியா லைட் (பலகை போல விரிந்த விளக்கு). எதிர்ப்பக்கம் மிகச் சன்னமாக இன்னொன்று. கண்ணில் விழும் வெள்ளைப் பொட்டும் வாசல் மாதிரியே நீளமாக விழுந்தது. தாடைக்கு அடியில் ஏதோ குறைகிறதே என்று பார்த்தால், தரை. அந்த வீட்டில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. படத்தில் தெரியாவிட்டாலும் கீழே ஒரு சிவப்புப் பலகையை விரித்தேன், கழுத்து மடிப்புகளுக்குள் அந்தச் சூடு ஏறிக்கொண்டது. இது சைக்கிள்ஸில் தானாக நடக்கும். ஈவியில் திரைக்கு வெளியே இருக்கும் தரை அப்படி எதிரொளிக்காது. சுற்று வெளிச்சத்தை முன்கூட்டியே பதிந்து வைக்கும் லைட் புரோப் வைத்துத் தனியாக ஏமாற்ற வேண்டும். ஒரு நிழற்படத்துக்கு ஈவி வேண்டாம் என்பேன். நான் அசையும் முகம் செய்ததில்லை, அங்கே நேரக் கணக்கு வேறாக இருக்கும். மாரி என்ற இன்னொரு வரையும் மென்பொருளைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு வாரம் தொட்டுப் பார்த்ததோடு சரி, அதை வைத்து வாயைத் திறப்பது நியாயமில்லை.

ரெண்டரில் ஒரே ஒரு எச்சரிக்கை. பொறிகளைத் துடைக்கும் டீநாய்ஸரை நம்பி சாம்பிளை (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியை எத்தனை முறை கணக்கிடுவது என்பதை) குறைத்தால், பொறியோடு சேர்த்துத் தோல் துளைகளையும் துடைத்துவிடும். எழுபத்தெட்டு வயது முகம் கல்யாண ஆல்பம் முகமாகிவிடும்.

இனி என் கட்சிக்கான காரணம். தரம் என்று பார்த்தால் இரண்டு முகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகத்தில் பெயின்டர் ஒரு படி மேல். என்னைத் திருப்பியது வேறு. உருவப்படம் என்பது முடிகிற வேலை இல்லை. விளையாட்டுக்குத் துப்பாக்கி செய்தால் கொடுத்ததும் மறந்துவிடலாம். அப்பத்தா முகத்தைச் செய்தால் அத்தை ஒன்று சொல்வார், சித்தப்பா ஒன்று சொல்வார், பத்து வருடம் கழித்து யாரோ ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஆக, அன்றைக்கு அந்த ஃபைல் திறக்குமா என்பதுதான் கேள்வி.

பெயின்டர் ஃபைலைப் பெயின்டர்தான் திறக்கும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. மாதச் சந்தா உயிரோடு இருக்க வேண்டும். ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் ஆண்டுப் பதிப்பு ஸ்டீமில் வந்துகொண்டிருந்தது, வாங்குவதென்றால் அந்த வழியைத்தான் முதலில் பாருங்கள். ஒவ்வொரு மாஸ்க்கையும் தனிப் படமாக எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தால் நான் பாதி தப்பித்திருப்பேன். பெயின்டர் அதற்கு வழி தருகிறது, நான்தான் செய்யவில்லை.

பிளெண்டரில் இந்தப் பயம் எனக்கு இல்லை. 2002-ல் ஒரு லட்சம் யூரோ பொதுமக்களிடம் வசூலித்து, அதன் மூல நிரலையே விலைக்கு வாங்கித் திறந்துவிட்டார்கள். பழைய பதிப்புகள் எல்லாம் இன்னும் அவர்கள் தளத்தில் இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. இது சும்மா சொல்வதில்லை: 4.0 பதிப்பில், தோலுக்கு நான் பயன்படுத்தும் பிரின்சிபிள்டு ஷேடரையே (பரப்பில் பட்ட ஒளி என்ன ஆகும் என்று சொல்லும் பகுதி) மாற்றி அமைத்தார்கள், அதற்கு முந்தைய ஃபைல்களைத் திறந்தால் தோல் லேசாக வேறு மாதிரி தெரிந்தது. என் பழைய சோதனை ஃபைல் ஒன்றுக்கு 3.6-ஐ இறக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்தேன். காசு கேட்கவில்லை, கணக்கு எண் கேட்கவில்லை.

தண்டட்டி மட்டும் இன்னும் பெயின்டரில் செய்த பழைய படங்களோடுதான் தொங்குகிறது. நகையில் யாரும் திருத்தம் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

புதிய படத்தை அத்தைக்கு அனுப்பினேன். திருநீறு கலைந்து, நடுவில் பச்சை மங்கலாகத் தெரிகிறது. ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் கூப்பிட்டார். "ஆத்தாதான்டா. ஆனா புள்ளி இன்னும் ஒரு நெல்லு மேல இருக்கும்."

ஏற்றி வைத்தேன். ரெண்டரோடு சேர்த்து நாற்பது நிமிடம்.