தூத்துக்குடியில் தூண்டில் ராடுக்குக் கைடு மாற்றியது

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும்போது தூண்டில் ராடையும் கொண்டுவருவேன். இந்தத் தடவை வீட்டில் பையைத் திறந்தால், நுனியிலிருந்து மூன்றாவது கைடின், அதாவது நரம்பு ஓடும் வளையத்தின், சட்டம் நசுங்கி, உள்ளே இருக்கும் பீங்கான் வளையம் கழன்று கிடந்தது. வெறும் கம்பியில் பின்னல் நரம்பு (பின்னிய தூண்டில் கயிறு) உரசினால் சீக்கிரம் பிய்ந்துவிடும். அந்த ஒரு கைடை விட்டுவிட்டு வீசினால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். மீன் இழுக்கும்போது ராடு வளையும், நரம்பு அந்த வளைவோடு ஒட்டிப் போகவேண்டும். நடுவில் ஒரு கைடு இல்லையென்றால் நரம்பு ராடிலேயே உரசும். பாரமும் பக்கத்துக் கைடுகள் மேல் ஏறும். நுனிப்பக்கம் கார்பன் மெல்லிசு, அங்கேதான் ஒடியும்.

ஊர்க் கடைகளில் இப்போது ரீல், லூர், ஜிக் (செயற்கை இரைகள்) எல்லாம் நல்ல ரகமாகவே கிடைக்கின்றன. நான் ஏறி இறங்கிய கடைகளில் உதிரிக் கைடு மட்டும் இல்லை. ஒரு கடையில் "புது ராடு எடுத்துக்கோங்க சார்" என்றார்கள். வேறு வழி இல்லையா என்றதும், வளையத்தை இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். நசுங்கிய சட்டத்தில் அது எப்படி நிற்கும்? ஒரு பாரை மீன் இழுத்தால் தெறித்துவிடும். ஒரு சின்ன உதிரிக்காக நல்ல ராடைத் தூக்கிப்போடச் சொன்னது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

கடைசியில் தெரிந்தவர் ஒருவர் திரேஸ்புரத்தில் ஃபைபர் படகு பழுது பார்க்கும் அண்ணாச்சியைக் காட்டினார். அவர் பட்டறை மூலையில் ஒடிந்த ராடுகள் ஒரு கட்டு இருந்தன. அதிலிருந்து ஒன்றை உருவி, அதன் கைடை என்னுடையதோடு வைத்து அளந்தார். வளையத்தின் அகலம், சட்டத்தின் உயரம் இரண்டும் ஒத்துவந்தன. பிறகு வளையத்துக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்தார். கீறல் இருந்தால் பஞ்சு சிக்கும். சிக்கவில்லை.

அவர் வேலை செய்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கைடை ராடோடு கட்டியிருந்த பழைய நூலை அறுக்கும்போது பிளேடைக் கார்பன் மேல் வைக்கவே இல்லை. ராடில் படிந்திருக்கும் கைடின் கால் உள்ள பக்கமாக, உலோகத்தின் மேலேயே கீறி உரித்தார். புதுக் கைடின் கால் நுனியை அரத்தால் சாய்வாகத் தேய்த்தார், நூல் படியில்லாமல் ஏறவேண்டுமே. டேப்பால் ஒட்டி, ராடைக் கண்ணுக்கு நேரே பிடித்து மற்ற கைடுகளோடு வரிசை பார்த்தார். நூலை ஒரு தடித்த டைரிக்குள் விட்டு மேலே எடை வைத்தார். அந்த இறுக்கத்தில் ராடை உருட்ட உருட்ட, நூல் இடைவெளி இல்லாமல் பக்கம் பக்கமாக விழுந்தது. கடைசிச் சில சுற்றுகளுக்கு அடியில் ஒரு மடித்த நூலை வைத்து, நுனியை அதில் கோத்து உள்ளே இழுத்துவிட்டார். முடிச்சே கிடையாது.

கட்டிய நூல் மேல் படகு ரெசினையே பூசலாமே என்று கேட்டேன். "அது காஞ்சா வளையாது தம்பி, ராடு வளைஞ்சா வெடிச்சிரும்" என்று அரால்டைட் எபாக்ஸி பசையின் இரண்டு பாகத்தையும் சம அளவு கலந்து மெல்லிசாகப் பூசினார். ஒரு பக்கம் ஒழுகிவிடாமல் இருக்க, இறுகும்வரை ராடைக் கையால் திருப்பிக்கொண்டே இருந்தார். முழுசாகக் காய ஒரு நாள் வேண்டும் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்.

கூலி இருநூறு ரூபாய். ஒடிந்த ராடின் கைடுக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. பழைய துறைமுகப் பக்கம் கனமான ஜிக் போட்டு வீசிப் பார்த்தேன், கைடு அசையவில்லை. பூச்சு மட்டும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. அதற்கென்றே விற்கும் ராடு எபாக்ஸி இருந்திருந்தால் கண்ணாடிபோல வந்திருக்கும்.

கைவேலைக்கு ஊரில் ஆள் உண்டு, சாமான்தான் இல்லை. ராடோடு வருகிறவர்கள் உங்கள் அளவுக்கு இரண்டு மூன்று கைடு, ஒரு நுனிக் கைடு, சின்ன எபாக்ஸி பாக்கெட் கொண்டுவந்துவிடுங்கள். எபாக்ஸியைப் பெட்டியில் வைக்கலாமா என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்று படகுகள் கடலுக்குப் போவதில்லை, அண்ணாச்சியும் பட்டறையைத் திறப்பதில்லை.